குப்பை டெண்டர் பிறந்த கதை

சென்னை மாநகராட்சியைப் பெற்றதே ஒரு கம்பெனிதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிற்பாடு நடந்ததைக் கேட்டு யாரும் பெரிதாக அதிர வேண்டியிருக்காது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்டத் தெரிந்தது, துணி வாங்கி விற்கத் தெரிந்தது. கோட்டைக்கு வெளியே, கறுப்பர் நகரம் என்று அவர்கள் பெயர் வைத்த இடத்தில் சேர்ந்த குப்பையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. 1670களின் கடைசியில், ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது, தெருக்களைச் சுத்தம் செய்வதற்கென்று வீடுகள் மீது வரி போட்டுப் பார்த்தார்கள். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் வீட்டு வரியை இறுக்கியபோது கடையடைப்பே நடந்தது. லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த ஜோசையா சைல்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனி கேட்டால் காசு தரமாட்டார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்களையும் சேர்த்து ஒரு சபை அமைத்து, அந்தச் சபை கேட்டால் தருவார்கள். மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் ஒப்புதலோடு கம்பெனி கொடுத்த சாசனப்படி 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன், கம்பெனி உத்தியோகஸ்தர்.

சபை வந்தும் வரி ஒழுங்காக வசூலாகவில்லை; அது வேறு கதை. குப்பையை அள்ள வேண்டியது யார், அதற்குக் காசு கொடுக்க வேண்டியது யார் என்ற தகராறு இந்த ஊரில் மாநகராட்சியைவிட மூத்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ முந்நூறு வருஷத்தைத் தாண்டிவிடலாம். வழியில் 1913இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. இன்று குப்பை அள்ளவில்லை என்று புகார் சொல்ல நாம் அழைக்கிற எண்ணும் 1913தான்.

டெண்டரின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் வழக்கமாக 2000ஆம் ஆண்டுக்குப் போவார்கள். நான் 1973க்குப் போவேன். அந்த வருஷம் மாநகராட்சியைக் கவிழ்த்தது மஸ்டர் ரோல்.

மஸ்டர் ரோல் என்பது தினக்கூலிகளின் வருகைப் பேரேடு. விடிகாலையில் டிவிஷன் அலுவலக வாசலில் மேஸ்திரி பெயர் கூப்பிடுவார். வந்தவர் பெயருக்கு நேராக ஒரு குறி விழும். பிறகு குறிகளை எண்ணிக் கூலி. நிரந்தர ஊழியருக்குப் பணிப் பதிவேடு உண்டு, சம்பள உயர்வு உண்டு, பென்ஷன் உண்டு. மஸ்டர் ரோல்காரருக்கு அந்தக் குறி ஒன்றுதான் சொத்து. பேனா பிடித்தவர் நினைத்தால் வராத ஆளுக்கும் குறி போடலாம், இல்லாத ஆளுக்கும் போடலாம். போட்டார்கள். ஊழல் வெளியே வந்து 1973இல் மாமன்றமே கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு சென்னைக்கு மேயர் வந்தது 1996இல். இடைப்பட்ட 23 வருஷமும் தனி அதிகாரிகளின் ஆட்சி.

அந்த 23 வருஷத்தில் ரிப்பன் மாளிகை ஒன்றைப் பழகிக்கொண்டது. ஆள் வேண்டும், ஆனால் ஆளின் பெயர் நம் பேரேட்டில் நிலைக்கக் கூடாது. 1981இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஒரு சட்டம் இந்தப் பயத்தை இன்னும் கூட்டியது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் அது. உள்ளாட்சிக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வக்கீல்கள் இன்றும் வாதாடுகிறார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் அந்த 480ஐ மறக்கவில்லை, அதிகாரிகளும் மறக்கவில்லை. ஓய்வுபெற்றவரின் இடம் காலியாகவே கிடக்கும். அந்தத் தெருவைப் பெருக்கத் தினக்கூலிக்கு ஒருவர் வருவார். என்.எம்.ஆர். (நாமினல் மஸ்டர் ரோல்) என்றார்கள், தொகுப்பூதியம் என்றார்கள், பிற்பாடு சுய உதவிக் குழு என்றார்கள். கம்பெனி வருவதற்கு முன்னாலேயே மாநகராட்சி காண்டிராக்டர் மாதிரி யோசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்பது என் கட்சி.

மக்கள் பக்கமும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1989இல் எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற அமைப்பைத் தொடங்கினார். தெருவாசிகள் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி, வீட்டு வாசலிலேயே குப்பையை வாங்கிக்கொள்ளச் செய்தார்கள். அந்த ஆளுக்குத் தெருவை அழகுபடுத்துகிறவர் என்று மரியாதையான ஒரு பெயரும் கிடைத்தது. நல்ல எண்ணத்தில் நடந்த காரியம், பல தெருக்கள் அதனால் பிழைத்தன. கூடவே, வரி கட்டுகிற வேலைக்கே தனியாகவும் காசு கொடுக்கலாம் என்ற எண்ணம் நடுத்தர வர்க்கத்துக்குச் சகஜமானது. நிர்மல் நினைத்தது அதுவல்ல என்று நம்புகிறேன்.

1994இல் சூரத்தில் பிளேக் வந்தது. குப்பை என்பது முகம் சுளிக்கிற சங்கதி மட்டுமில்லை, ஊரையே காலி செய்யவைக்கும் என்று இந்திய நகரங்கள் அப்போதுதான் பார்த்தன. 1996இல் அல்மித்ரா படேல் என்பவர் குப்பைப் பிரச்சினைக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் குழு போட்டது, குழு அறிக்கை கொடுத்தது, 2000இல் நகரக் குப்பைக்கென்று மத்திய அரசின் விதிகள் வந்தன. பொறுப்பு உள்ளாட்சி மீது விழுந்தது. அதில் தவறில்லை, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த 12ஆவது அட்டவணையும் திடக்கழிவை உள்ளாட்சியின் வேலைகளில்தான் வைத்திருக்கிறது. பொறுப்பு வந்த அளவுக்குப் பணமும் பணியிடங்களும் வந்தனவா என்று கேட்டால் இல்லை.

சூரத் எப்படி மீண்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1995இல் அங்கே ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ், குளிர்சாதன அறையில் இருந்த அதிகாரிகளைத் தினமும் தெருவுக்கு விரட்டினார். சில வேலைகளை ஒப்பந்தத்துக்கும் விட்டார். ஆனால் கடிவாளம் மாநகராட்சி கையை விட்டுப் போகவில்லை. சென்னை பிடித்துக்கொண்டது அந்தப் பாடத்தை அல்ல.

டெண்டர் என்கிற யோசனை வெளிநாட்டில் ஏற்கெனவே வளர்ந்து நின்றது. இங்கிலாந்தின் சௌத்எண்ட் நகரசபை 1981இல் குப்பை அள்ளுவதைத் தனியாருக்குக் கொடுத்தது. தாட்சர் அரசாங்கம் அதை மெச்சி, 1988இல் சட்டமே போட்டது: நகரசபைகள் இன்னின்ன வேலைகளுக்கு டெண்டர் விட்டே ஆக வேண்டும். பிரான்சில் கதை இன்னும் பழசு. 1853இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணையால் ஒரு தண்ணீர்க் கம்பெனி பிறந்து, லியோன் நகரத்துக் குடிநீர் விநியோகத்தைக் குத்தகைக்கு எடுத்தது. அது வளர்ந்து, கிளைவிட்டு, 1998இல் விவெண்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் குப்பைக் கிளைக்குப் பெயர் ஓனிக்ஸ்.

2000ஆம் ஆண்டில் ஓனிக்ஸ் சென்னைக்கு வந்தது. அப்போது இருந்த பத்து மண்டலங்களில் மூன்று, ஏழு வருஷ ஒப்பந்தம். மாநகராட்சித் தொழிலாளர்களின் செங்கொடிச் சங்கம் எதிர்த்தது. ஊர் வேடிக்கை பார்த்தது, சீக்கிரத்திலேயே ரசிக்கவும் செய்தது. சீருடை, சக்கரம் வைத்த தொட்டி, குப்பையை அமுக்கி விழுங்கும் கம்பாக்டர் லாரி எல்லாம் புதுசு. திறந்த லாரியிலிருந்து வழியெங்கும் சிந்திக்கொண்டு போனதைப் பார்த்த கண்ணுக்கு அது முன்னேற்றமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அந்தக் கம்பெனி போய்ப் பல வருஷம் கழித்தும் ஜனங்கள் குப்பை லாரியை ‘ஓனிக்ஸ் வண்டி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி எடைமேடைக்குப் போவோம். இந்தக் கதையில் ஒரே ஒரு இடத்தைப் பார்க்கலாம் என்றால் நான் அங்கேதான் கூட்டிப்போவேன். கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ குப்பைக் கிடங்கின் வாசலில் லாரி ஒரு இரும்புத் தளத்தின் மீது ஏறி நிற்கும். எண் விழும். உள்ளே போய்க் கொட்டிவிட்டு வெறும் லாரியாக மறுபடி ஏறும். இன்னொரு எண் விழும். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் வருவது குப்பை. அதை டன்னுக்கு இவ்வளவு என்ற விலையால் பெருக்கினால் வருவது பில். ஒப்பந்தத்தின் உயிர் அந்தக் கழித்தல் கணக்கில் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். டன்னுக்குக் காசு என்றால், வீட்டிலேயே தரம் பிரித்து, மக்குவதை உரமாக்கி, பிளாஸ்டிக்கைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிக் குப்பையைக் குறைக்கிற குடும்பம் காண்டிராக்டருக்கு நஷ்டம் உண்டாக்குகிறது. மழையில் நனைந்த குப்பை கனக்கும். கார்த்திகை மாதக் குப்பைக்குச் சித்திரை மாதக் குப்பையைவிட மதிப்பு அதிகம். வீடு இடித்த மண்ணும் செங்கல்லும் சேர்ந்தால் இன்னும் கனக்கும். எடைக்காகக் கட்டட இடிபாட்டை ஏற்றுகிறார்கள் என்ற புகார் டன் கணக்கில் பில் போட்ட பல ஊர்களில் எழுந்தது. சுத்தமான தெரு வேண்டும் என்று ஊர் நினைத்தது, கனமான லாரிக்குக் காசு கொடுப்பதாக ஊர் கையெழுத்துப் போட்டது. யாரையும் திருடர் என்று சொல்லாமலே இந்தக் கோளாறு புரியும்.

தொழிலாளி பக்கம் கதையை முடிவு செய்தது டெல்லி. ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் என்று 1970இல் சட்டம் வந்தது. ஒரு வேலையில் ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால் அங்கே வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளி தானாகவே முதன்மை நிறுவனத்தின் ஆளாகிவிடுவார் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தே வருஷத்தில், 2001இல், அரசு எஃகு நிறுவனமான செயில் தொடர்பான வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது: தானாக ஆவதெல்லாம் இல்லை. 2006இல் உமாதேவி வழக்கில், முறைப்படி தேர்வு செய்யாமல் எடுத்த தற்காலிக ஊழியர் எத்தனை வருஷம் உழைத்திருந்தாலும் அதைக் காட்டி நிரந்தரம் கேட்க முடியாது என்றும் ஆனது. ஓனிக்ஸ் வந்தபோது காண்டிராக்ட் விடுவதில் கொஞ்சம் சட்டச் சிக்கல் இருந்தது. ஓனிக்ஸ் போனபோது அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டிருந்தது.

பிறகு வரிசையாக வந்தார்கள். 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா. ஊரெங்கும் புகார், தேங்கின குப்பை, கசப்போடு பிரிவு. 2012இல் ராம்கி. நடுவில் 2011இல் சென்னையே 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்கு வீங்கியது. பத்து மண்டலம் பதினைந்தானது, புதிதாகச் சேர்ந்த புறநகரைப் பெருக்கப் பழைய ஆட்கள் போதவில்லை. 2020இல் உர்பேசர்-சுமீத் ஒரே வீச்சில் ஏழு மண்டலங்களை எட்டு வருஷத்துக்கு எடுத்தது. ஓனிக்ஸும் நீல் மெட்டலும் தி.மு.க. காலம், ராம்கியும் உர்பேசரும் அ.தி.மு.க. காலம். மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிகளும் ஒரு சத்தமும் இல்லாமல் ஒத்துப்போன விஷயம் இது.

2020 ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு விஷயம். டன் கணக்கு போய், செயல்பாட்டு அளவுகோல் வந்தது. தினமும் எத்தனை வீட்டில் குப்பை வாங்கப்பட்டது, தரம் பிரிந்ததா, தொட்டி நிரம்பி வழிந்ததா என்று மதிப்பெண் போட்டு, அதற்குத் தக்கபடி பணம். எடைமேடைப் பைத்தியத்தைவிட இது எவ்வளவோ மேல், மறுக்க மாட்டேன். இரண்டாவது விஷயம்தான் உறுத்துகிறது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்து, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நகரத்தின் பாதியளவுக்கு எட்டு வருஷத்துக்கு நடக்கப்போகிற ஏற்பாடு முடிவானபோது ரிப்பன் மாளிகையில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. கேள்வி கேட்க நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லாத வேளையில் கையெழுத்து விழுந்தது.

2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் முறை. இந்தத் தடவை மாமன்றம் இருந்தது, தீர்மானமும் நிறைவேறியது. அங்கே தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் தினக்கூலிக்கு வேலை பார்த்த சுமார் 2,000 பேர், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்குக் கம்பெனியில் சுமார் 17,000 என்பது அவர்கள் சொன்ன கணக்கு. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் கிடைக்கும் என்பது எதிர்த்தரப்பு வாதம். 13ஆம் நாள் உயர் நீதிமன்றம் நடைபாதையைக் காலி செய்யச் சொன்னது. அன்று நள்ளிரவு போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடித் துப்புரவுப் பணியாளர்களுக்குக் காலை உணவு, காப்பீடு என்று திட்டங்களை அறிவித்தது. கேட்டவர்கள் பணி நிரந்தரம் கேட்டார்கள்.

தெரு மாறவில்லை, குப்பை மாறவில்லை, பெருக்குகிற கையும் மாறவில்லை. கூலி மட்டும் எப்படி மாறும் என்று கேட்டால், அதில்தான் டெண்டரின் சூட்சுமம் இருக்கிறது. தெருக் கூட்டுவதில் பெரிய செலவு ஆள்கூலி. லாரியை நன்றாக ஓட்டி, வழித்தடத்தைச் சரியாக வகுத்து மிச்சம் பிடிக்கலாம். நியாயமான மிச்சம் அது. அதற்கு மேல் குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்து லாபமும் பார்க்க வேண்டுமென்றால், கை வைக்கக்கூடிய இடம் கூலி ஒன்றுதான். அந்தக் கூலி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிடர், அருந்ததியர் வீட்டுப் பெண்கள் என்பதால்தான் இந்தக் கணக்கு இத்தனை வருஷம் சிரமமில்லாமல் ஓடியது. ஐ.டி. கம்பெனியில் ஒரே நாளில் சம்பளத்தில் கால் பங்கை வெட்டியிருந்தால் டி.வி.யில் ஒரு மாதம் விவாதம் நடந்திருக்கும்.

குப்பையைவிட அதிகமாகக் குறைந்தது மாநகராட்சி. முன்பெல்லாம் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டால், அவர் சுகாதார ஆய்வாளரைப் பிடிப்பார், ஆய்வாளர் மேஸ்திரியைப் பிடிப்பார், சாயங்காலத்துக்குள் யாராவது வருவார்கள். இப்போது கவுன்சிலர் சொல்வது: “அது கம்பெனி ஆளுங்க சார், சொல்லிப் பாக்குறேன்.” ஆய்வாளரின் வேலை பில்லைச் சரிபார்ப்பதாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. வண்டி, டிரைவர், மெக்கானிக், எந்தச் சந்தில் எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்ற அறிவு, இவை ஒரு தலைமுறையில் கைமாறிவிட்டால், கம்பெனி சரியில்லை என்று தெரிந்தாலும் மாநகராட்சியால் திரும்ப எடுத்துச் செய்ய முடியாது. இன்னொரு கம்பெனியைத்தான் தேட முடியும்.

திரும்ப எடுத்த ஊரும் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் சாண்டி ஸ்பிரிங்ஸ் 2005இல் நகரமாகப் பிறந்தபோதே, போலீஸும் தீயணைப்பும் நீங்கலாக ஏறக்குறைய முழு நிர்வாகத்தையும் சி.எச்.2எம். ஹில் என்ற பொறியியல் கம்பெனியிடம் கொடுத்தது. அதைப் படித்துவரப் பல நாட்டிலிருந்தும் ஆள் போனார்கள். 2019இல் அதே நகரசபை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஐந்து வருஷத்தில் ஒரு கோடியே 40 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று மதிப்பிட்டு, பெரும்பாலான வேலைகளைத் தன் சொந்த ஊழியர்களிடமே கொண்டுவந்தது. கொள்கைக்காக அல்ல, காசுக்காக.

சென்னை அப்படிச் செய்யுமா என்று தெரியாது. பழைய மஸ்டர் ரோல் காலத்தை யாரும் கொண்டாடவும் வேண்டாம். இல்லாத ஆளுக்குக் கூலி எழுதின காலம் அது. ஆனால் இப்போது நடப்பதைக் கணக்குக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபை என்று ஒன்று சட்டப்படி கூட வேண்டும். உங்கள் பகுதியில் கூடும்போது போய் உட்காருங்கள். உங்கள் மண்டலத்தின் குப்பை ஒப்பந்த நகலைக் கேளுங்கள். போன மாதம் கம்பெனிக்கு எவ்வளவு மதிப்பெண் போட்டீர்கள், எவ்வளவு அபராதம் பிடித்தீர்கள், பெருக்குகிறவர் கையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, அவருக்கு பி.எஃப். கட்டிய ரசீது எங்கே என்று கேளுங்கள். அங்கே பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்.